வெள்ளை நூல் சிப்பம்

சித்திரை கடைசியில் ஒரு நாள், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று சின்னராசு கால் மூட்டை நெல்லை மொபெட்டில் கட்டிக்கொண்டு என் மில்லுக்கு வந்தார். மாதிரிக்கு அரைத்துப் பார்க்க வேண்டுமாம். மோட்டாரைப் போட்டேன். அரிசி விழத் தொடங்கியதும் இரண்டு கையையும் கூட்டி ஏந்தினார். ஏந்தியவர் அப்படியே நின்றுவிட்டார். பாதிக்குப் பாதி உடைசல். உடையாததும் பழுப்பேறி, பீடி குடிக்கிறவன் பல் மாதிரி இருந்தது.

"முத்து, மிஷின டைட்டா வெச்சிகினு கீறியா?"

"ரோலரு புச்சுண்ணா. போன வாரம்தான் மாத்துனேன்."

"இன்னொரு தபா ஓட்டு."

இன்னொரு தடவை ஓட்டினேன். இரண்டாம் தடவை அரைத்தால் நல்ல அரிசி வந்துவிடுமா? விதியை நொந்துகொள்வதைவிட மில்காரனை நொந்துகொள்வது எல்லோருக்கும் சுலபம். இருபத்திரண்டு வருஷமாக இந்த மில்லை ஓட்டுகிறேன், எனக்கு இது பழக்கம்.

சின்னராசைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உத்திரமேரூர் கடைத்தெருவில் போய் சீரகச் சம்பா கேட்டால், கடைக்காரர் "சாதாவா, செவப்பு நூலா?" என்று திருப்பிக் கேட்பார். சிவப்பு நூல் என்றால் சின்னராசு அரிசி. இருபத்தைந்து கிலோ சிப்பத்தின் வாயைக் கோணி ஊசியால் அவரே தைப்பார். முதல் தர அரிசிக்குச் சிவப்பு நூல். முறத்தில் கழிந்த குருணை கலந்தது, கடைமடையில் விளைந்தது எல்லாவற்றுக்கும் வெள்ளை நூல். சிவப்பு நூல் அரிசியில் பிரியாணி போட்டால் பருக்கை பருக்கையாக நிற்கும். பதினெட்டு வருஷமாக அந்த நூலுக்கு ஒரு சொல் வந்ததில்லை. அந்தக் கர்வமும் மனுஷனுக்கு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அரிசி மண்டி கிதர் முகம்மது பாய்தான் பதினெட்டு வருஷமும் அந்த அரிசியை வாங்கி விற்றவர். அவர் மகள் இக்ராவுக்குக் கல்யாணம், பக்ரீத் முடிந்த அடுத்த ஞாயிறு. எண்ணூறு பேருக்குச் சாப்பாடு. போன வருஷம் ஆனியில் நிச்சயம் ஆன அன்றைக்கே பாய், "பிரியாணி அரிசி ஆறு சிப்பம் உங்களுது" என்று சொல்ல, "என் பொண்ணு கல்யாணம் மாதிரி பாய்" என்று சின்னராசு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

தப்பு அங்கேதான் நடந்தது. பிரியாணி அரிசி பழசாக இருந்தால்தான் குழையாது. கல்யாணத்துக்குள் நன்றாகப் பழசாகட்டும் என்று, ஏரித் தண்ணீருக்குக் காத்திராமல் போர் மோட்டாரை ஓட்டி, ஆடியிலேயே இரண்டரை ஏக்கரையும் நட்டு முடித்தார். ஊரில் எல்லோர் பயிரும் பச்சையாக நிற்க, அவர் பயிர் மட்டும் கார்த்திகையில் பொன்னாகத் தலை சாய்த்தது. இரண்டு நாளில் அறுப்பு மிஷின் வருவதாக இருந்தது, புயல் முந்திக்கொண்டது. மூன்று நாள் மழையில் பயிர் படுத்துவிட்டது. சேற்றிலிருந்து வாரி எடுத்துக் காயவைத்த நெல் பார்க்க நெல்லாகத்தான் இருந்தது. உள்ளே இருந்தது என்ன என்று என் மில்லில் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆசையாகச் செய்ததுதான் அவரைக் கவிழ்த்தது.

"ஆரணியிலிருந்து ஆறு சிப்பம் எறக்கி உன் நூலப் போட்டுடு. எந்த நாய்க்குத் தெரியப் போவுது?" என்றேன். நான்தான் சொன்னேன். மில்காரன் புத்தி அப்படித்தான் போகும்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உடைந்த அரிசியை ஒன்று விடாமல் கூட்டி அள்ளிக்கொண்டு போனார்.

*

அந்த வாரம் திரௌபதி அம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தது. தீமிதி முடிகிற வரைக்கும் வீட்டில் கறி மீன் கிடையாது, சாராய வாசனையே ஆகாது. சின்னராசின் சம்சாரம் பாஞ்சாலி அதில் வெகு கண்டிப்பு. அம்மன் பேரையே வைத்துக்கொண்டிருக்கிறாள், கேட்க வேண்டுமா. அந்த நேரம் பார்த்து மகன் வினோத்குமார் மெட்ராஸிலிருந்து ஒரு ஒயின் பாட்டிலோடு வந்து இறங்கினான்.

வினோத் பெரிய ஓட்டலில் வேலை பார்க்கிறான். வருகிறவர்களுக்கு எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்று எடுத்துச் சொல்லி ஊற்றிக் கொடுக்கிற வேலை. ஊரில் பாஞ்சாலி "ஓட்டல்ல சூப்பர்வைசரு" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள். பையைத் திறந்ததும் அவளுக்கு வந்தது ஆங்காரம்.

"காப்பு கட்டின வூட்ல இத்தக் கொண்டாந்து வெக்கிறியே, தீ மெறிக்கப் போறது நானா நீயா? எட்த்துக்கினு போடா!"

"ம்மா, தொறக்கல மா. மூடிகினுதான் கீது."

"மூடிகினு கீதோ தொறந்துகினு கீதோ, வாசப்படி தாண்டக் கூடாது."

பாட்டில் கழனிக்குப் போனது. மோட்டார் கொட்டாயில் வைத்தால் தகரம் கொதிக்கிறது, கெட்டுவிடும் என்று வினோத் பயந்தான். கடைசியில் சணல் கயிற்றில் கழுத்தைக் கட்டி, போர் தண்ணீர் விழுகிற தொட்டிக்குள் இறக்கி வைத்தான். வெள்ளரிக்காய் குளிர வைப்பதைப் பார்த்திருக்கிறேன், ஒயினை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நானும் மத்தியானம் அங்கே போயிருந்தேன். புங்கமர நிழலில் சின்னராசு, வினோத், பாஞ்சாலி. கொஞ்சம் தள்ளி மார்த்தாள், மடியில் முறத்தோடு. காலனியிலிருந்து இருபது வருஷமாக இவர்கள் வீட்டு வேலைக்கு வருகிறாள். காய வைப்பது, தூற்றுவது, அரைத்து வந்த அரிசியில் குருணை பிரித்துத் தரம் பார்ப்பது எல்லாம் அவள். கூலியோடு கடைமடையில் முப்பது செண்டு அவள் பயிர் வைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. எல்லோரும் நட்டு முடிந்த பிறகு மிஞ்சிய நாற்றை அவள் நடுவாள். தண்ணீரும் கடைசியாகத்தான் வரும்.

பாஞ்சாலி கேழ்வரகுக் கூழும் மாங்காய்த் துண்டும் கொண்டு வந்திருந்தாள். எங்களுக்குச் சொம்பில் கொடுத்தாள். மார்த்தாள் தன் தூக்கை நீட்டினாள், அதில் ஊற்றினாள்.

மில்லிலிருந்து வந்த அரிசியை மார்த்தாள் முறத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். நாலு பருக்கையை வாயில் போட்டு மென்றாள்.

"இட்லிக்கி ஆவும்ணா. பிரியாணிக்கி ஆவாது. தம்மு போட்டா பொங்கலாப் பூடும்."

"இன்னும் பத்து மூட்ட கீது. அத்தயும் பாரு."

"அல்லாம் ஒரே சேத்துல கெடந்த நெல்லுதானே. பத்து மூட்டயிலும் இதான்."

சின்னராசு கூழைக் கீழே வைத்துவிட்டார். பேச்சை மாற்ற வேண்டும் என்று நான் வினோத்தைக் கேட்டேன்.

"அந்தச் சீசா இன்னா சமாச்சாரம்டா?"

"அது ரெண்டாவது ஒயினுண்ணே."

"ரெண்டாவதுன்னா? ஒன்ன குடிச்சிட்டு அப்பறம் குடிக்கிறதா?"

வினோத் சிரித்தான். அந்த வேலையில் அவனுக்கு எவ்வளவு பிரியம் என்று அவன் பேசியபோது தெரிந்தது. "பிரான்சுல ஒரு தோட்டம். எரநூறு வருசத்துக்கு மேல பேரு. அந்தப் பேரச் சொன்னா எங்க ஓட்டல்ல கெஸ்ட்டுங்க நிமிந்து ஒக்காருவாங்க. வயசான கொடி, நல்ல மண்ணுல நிக்கிற கொடி, அதுல வர்ற திராச்சப் பயத்துல செய்யறதுதான் மொத ஒயினு. அதுக்குத்தான் தோட்டத்துப் பேரு. எளங்கொடி பயம், ஓரத்துண்டுல வந்தது, பீப்பாயில வெச்சி ருசி பாத்து இது சேராதுன்னு ஒதுக்கினது, அல்லாத்தயும் சேத்து வேற பேருல விப்பாங்க. அதான் இது. ரெட் ஒயினு."

"ஒதுக்கினத்தயா உனுக்குக் குடுத்தான் வெள்ளக்காரன்?" என்றார் சின்னராசு.

"அவுரு மொதலாளி இல்ல நைனா. அந்தத் தோட்டத்துல முப்பது வருசம் பீப்பா கயுவி, சீசா அடுக்கி ரிட்டேர் ஆனவரு. ஒரு வாரம் தங்கியிருந்தாரு, நான்தான் பாத்துக்கினேன். போவசொல்ல குடுத்தாரு. மேனேஜரே கேட் பாஸு போட்டாரு. அவுங்க வூட்ல விசேசத்துக்கு இதான் குடிப்பாங்களாம். மொத ஒயினு அவுரு குடிச்சது மூணே தபாவாம்."

"முப்பது வருசத்துலயா?" என்றாள் மார்த்தாள்.

"முப்பது வருசத்துல."

"நல்லாகீது. அங்கயும் இதே கதிதான். எங்க கோயில்லயும் ஒயின பாதரு குடிப்பாரு, எங்க நாக்குல அப்பம் மட்டும்தான் வெப்பாரு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். முறம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

சின்னராசு யோசனையாகக் கேட்டார். "ஏண்டா, அங்க மய தப்பிப் பேஞ்சி திராச்ச அயுகிட்டா இன்னா பண்ணுவான்?"

"செல தோட்டத்துல அந்த வருசம் மொத ஒயினே போட மாட்டாங்களாம் நைனா. அல்லாம் ரெண்டாவதுலயே பூடும்."

"போட மாட்டானா? ஒரு வருசம் பூராவா? வாங்கறவன் கேக்க மாட்டான்?"

"கேப்பான். இல்லன்னு சொல்லிடுவாங்க. மோசமான சரக்குல பேரப் போட்டா பேரே பூடுமில்ல? இன்னொண்ணும் சொன்னாரு. ஏதோ ஒரு வருசத்துல ரெண்டாவது மொதலாவதுக்கு மேல வந்துடுமாம். குடிச்சிப் பாத்தா அல்லாருக்கும் தெரியும், தோட்டத்துல மட்டும் ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான்னு கண்ணச் சிமிட்டினாரு."

பாஞ்சாலி தூக்குச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது. வீட்டுக்காரரைப் பார்த்தாள். மார்த்தாள் முறத்தைத் தட்டிவிட்டு எழுந்து போகிற வரைக்கும் பொறுத்தாள். போனதும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"கடமட நெல்லு புயலுக்குப் பூவே வெக்கலியே. தையிலதானே அறுத்தா? அவகிட்ட நாலு மூட்ட அப்டியே கீது. வாங்கி நம்ம நூலப் போடு. நம்ம நெலம்தானே, நம்ம வெததானே."

*

மறுநாள் காலையில் சின்னராசு என்னையும் கூட்டிக்கொண்டு காலனிக்குப் போனார். தனியாகப் போக அவருக்குக் கூச்சம். இருபது வருஷத்தில் அவள் வீட்டு வாசலுக்கு அவர் போனது அவள் புருஷன் சாவுக்கு மட்டும்.

மார்த்தாளுடைய மகன் பீட்டர் ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. நைட் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தான். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான்.

சின்னராசு சுற்றி வளைக்கவில்லை. "மார்த்தா, உன் நெல்லு எனுக்கு வோணும். பாய் வூட்டுக் கல்யாணத்துக்கு. வெல நீ சொல்றதுதான்."

அவள் உள்ளே போனாள். முந்தின நாளே ஒரு படி நெல்லை உரலில் குத்தி வைத்திருந்தாள் போலிருக்கிறது. அடுப்பில் ஏற்கெனவே உலை கொதித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் வாசனை வாசலுக்கு வந்தது. சீரகச் சம்பா வேகிற வாசனைக்கு அழைப்பு வேண்டியதில்லை, பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்று தட்டோடு வந்து நின்றது. வடித்த சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பிக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தாள். ஒரு பருக்கை இன்னொன்றில் ஒட்டவில்லை. நாலு மாதம் இருந்து பழகிய நெல்லின் அரிசி, பிச்சிப்பூ மொட்டு மாதிரி நுனி வரை முழுசாக இருந்தது. பதினெட்டு வருஷ சிவப்பு நூல் அரிசியை அரைத்தவன் நான். அதில் எதுவும் இதற்கு மேலே இல்லை.

சின்னராசு இரண்டு பருக்கையை விரலில் எடுத்து நசுக்கிப் பார்த்தார். முகத்தில் உயிர் வந்தது.

"போதும். நாளிக்கே அரைச்சிடலாம். முத்து, ஆறு சிப்பம் தேறுமில்ல? இன்னிக்கி சாயங்காலமே நூலு வாங்கியாந்துடறேன்."

"இன்னா நூலுண்ணா?" என்றாள் மார்த்தாள்.

"இன்னா நூலுன்னா? செவப்புதான்."

"அது கடமட நெல்லுண்ணா. வெள்ளதான்."

அவர் சிரித்தார். "உனுக்கு இன்னா பைத்தியமா? இத்தினி நல்ல அரிசிக்கு எவனாவது வெள்ள போடுவானா? உன் அரிசிய ஒசத்திதானே வெக்கறேன்."

மார்த்தாள் குரலை உயர்த்தவே இல்லை. எப்போதும் கழனி வேலை பேசுகிற மாதிரியேதான் பேசினாள். "பதினெட்டு வருசமா கடமட அரிசி வெள்ள நூலுலதான் போச்சி. நானும் ஒண்ணும் சொல்லல. நாத்து மிஞ்சினது, தண்ணி மிஞ்சினது, சரின்னு உட்டேன். இந்த வருசம் அது நல்லா வந்துட்ச்சி. இப்ப செவப்பு போட்டா, நல்லா வந்தது உன் கயனினு ஆயிடும். அடுத்த வருசம் உன்னுது நல்லா வரும், என்னுது மறுபடி வெள்ளக்கிப் பூடும். அப்ப எனுக்கு நல்லா வந்ததே இல்லன்னுதானே அர்த்தம்?"

"யாரு கேக்கப் போறாங்க மார்த்தா, எவன் கயனின்னு?"

"யாரும் கேக்க மாட்டாங்க. அதுக்குத்தான் சொல்றேன்."

கதவு நிலையில் சாய்ந்து நின்ற பீட்டர் அப்போதுதான் வாயைத் திறந்தான். "ம்மா, வெல வோணாமா உனுக்கு? சும்மாவே கூடக் குடு." சின்னராசு பக்கம் திரும்பினான். "ஆனா ஒண்ணு, எங்க அம்மா நெல்லு மட்டும் வோணும், எங்க அம்மா பேரு வோணாம்னா, அது வேலைக்கி ஆவாதுங்க."

"நீ சும்மா இருடா," என்றாள் மார்த்தாள். பிறகு சின்னராசைப் பார்த்து, "நெல்லு தரேண்ணா. இக்ரா பொண்ண எனுக்கும் தெரியும், சின்னதுல அதோட அப்பா வண்டியில ஏறிகினு களத்துக்கு வரும். உன் வாக்கு பூடக் கூடாது. நூலு மட்டும் வெள்ள."

சின்னராசுக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு நடந்தார். வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே வந்தார். நிலம் கொடுத்தவன் யாரு, விதை கொடுத்தவன் யாரு, போர் தண்ணி யாருது. எல்லாம் நியாயம்தான். எல்லாம் நியாயமாக இருந்தும் மனுஷனால் ஏன் நிமிர்ந்து நடக்க முடியவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

*

ஞாயிற்றுக்கிழமை தீமிதி ஆயிற்று. பாஞ்சாலி மஞ்சள் புடவையில் கால் சுடாமல் இறங்கி ஏறினாள். திங்கட்கிழமை காப்பு அவிழ்த்தார்கள். அன்று மத்தியானம் வினோத் பாட்டிலைத் தொட்டியிலிருந்து தூக்கியபோது தலையில் கை வைத்துக்கொண்டான். பத்து நாள் தண்ணீரில் ஊறி லேபிள் கழன்று போயிருந்தது. ஒரு துண்டு மட்டும் பாசியோடு சேர்ந்து தொட்டி ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு இரும்புக் கேட்டின் பாதிப் படம். மீதியை எருமை தண்ணீரோடு குடித்திருக்க வேண்டும்.

"பூடுச்சி. அல்லாம் பூடுச்சி."

"உள்ள கீறது அப்டியேதானே கீது?" என்றேன்.

"கீதுண்ணே. ஆனா இது இன்னான்னு இனிமே எவன் நம்புவான்? எங்க ஓட்டல்ல கொண்டும்போயி காட்டினா நாப்பது ரூவா சீசான்னுவான்."

சின்னராசு அந்தப் பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெறும் கறுப்புக் கண்ணாடி. "இப்ப இது மொதலா ரெண்டா?"

"ரெண்டு நைனா."

"உனுக்குத் தெரியும். எனுக்கு?"

வினோத் கார்க்கைத் திறந்து எவர்சில்வர் டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். சின்னராசு ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். நாவல்பழம் தின்ற மாதிரி நாக்கு இழுத்துக்கொண்டது என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு வாய் குடித்தார். பாஞ்சாலி கூட, காப்பு அவிழ்த்த தைரியத்தில், விரல் நுனியால் தொட்டு நக்கிவிட்டு, "புளிச்ச கூயே தேவல," என்றாள்.

அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தபோது சின்னராசு பாட்டிலுக்கு மூடியை அழுத்தி வேட்டி மடிப்பில் செருகினார். "மார்த்தாவுக்கு," என்றார். எங்கள் யாரையும் பார்க்காமல் கழனி வரப்பில் இறங்கிக் காலனிப் பக்கம் போனார். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் பீட்டரின் பைக்கில் நாலு மூட்டை நெல்லும் இரண்டு இரண்டாக என் மில்லுக்கு வந்தது.

அரிசி விழுந்தபோது மார்த்தாள் கையேந்தினாள். சின்னராசு பக்கத்தில் கோணி ஊசியில் நூல் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளை நூல். ஆறு சிப்பத்தையும் அவரே தைத்தார்.

*

புதன்கிழமை காலையில் என் டெம்போவில் ஆறு சிப்பத்தையும் ஏற்றிக்கொண்டு உத்திரமேரூர் போனோம். கடைத்தெருவில் நல்ல கூட்டம். கிதர் முகம்மது பாய் கல்லாவில் இருந்தார். கடை முன்னால் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். பாயின் மகன் வஹாப் வந்து முதல் சிப்பத்தை இறக்கினான். வாயைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான்.

"இன்னா சின்னராசு, வண்டி மாத்தி ஏத்திக்கினு வந்துட்டீங்களா?" என்றார் பாய். "இது வெள்ளயாச்சே."

"இல்ல பாய். இதான்."

பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். முகம் மாறியிருந்தது. "ஆறு சிப்பமும் வெள்ளயா? எம் பொண்ணு கல்யாணங்க. ஒரு வருசம் முன்னாடி சொல்லி வெச்சது. மாப்புள வூடு ஆம்பூர்காரங்க, பிரியாணியில பொறந்து வளந்தவங்க. அவங்க எதிர்ல எனுக்கு ரெண்டாம் நம்பர் அரிசியா?"

நின்றிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்குச் சின்னராசைத் தெரியும். இந்த இடத்தில் அவர், "நூலு தீந்து பூடுச்சி பாய்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பாய் சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டிருப்பார். எனக்கே அது வாய் வரைக்கும் வந்தது. சின்னராசு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். வியர்வை காதோரமாக இறங்கியது.

"பாய், இந்த வருசம் செவப்பு நூலு கெடயாது. என் கயனி புயல்ல போச்சி. ஒரு சிப்பம் கூடத் தேறல. என்னுது அல்லாம் இட்லி அரிசிதான், அப்பிடித்தான் விக்கப் போறேன். இது கடமட நெல்லு. இந்த வருசத்துக்கு இதான் மொத அரிசி. இது மார்த்தாவோடது."

பாய் குனிந்து ஒரு சிப்பத்தின் நூலைப் பிரித்தார். அரிசியை அள்ளி வெளிச்சத்தில் பரப்பினார். இரண்டைக் கடித்தார். மறுபடி அள்ளி முகர்ந்தார். அரிசியில் அவரை ஏமாற்ற இந்த ஜில்லாவில் ஆள் இல்லை. வெகு நேரம் கழித்து நிமிர்ந்தார்.

"யாரு மார்த்தா?"

சின்னராசு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

"பதினெட்டு வருசமா நீங்க வித்த செவப்பு நூலு அல்லாம் அவ மொறத்துல பொடச்ச அரிசி பாய். எது செவப்பு, எது வெள்ளன்னு சொன்னது அவதான். நான் தச்சேன், அவ்ளோதான்."

பாய் கல்லாவுக்குப் போய் மேஜை டிராயரைத் திறந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்தார். பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்.

"முழுப் பேரு இன்னா?"

"மார்த்தாள்," என்றார் சின்னராசு.

*

கல்யாணத்துக்கு மார்த்தாள் பீட்டரோடு வந்திருந்தாள். கிறிஸ்துமஸுக்கு எடுத்த புடவை. பாயின் சம்சாரம் சபுரா அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பெண்கள் பந்தியில் உட்கார வைத்துவிட்டுப் போனாள். பரிமாறி முடித்துவிட்டுத் தம் கரண்டியோடு வந்த சமையல்காரர், "எந்த ஊரு அரிசிங்க இது?" என்று பாயிடம் கேட்டதை நான் என் காதால் கேட்டேன்.

சாப்பாடு முடிந்து கை கழுவுகிற இடத்தில் மார்த்தாளும் சின்னராசும் எதிரெதிரே வந்தார்கள். அவள் இலையில் மிச்சம் வைக்காதவள், ஆனால் முந்தானை நுனியில் ஒரு பிடியை முடிந்து வைத்திருந்தாள். அவரிடம் அவிழ்த்துக் காட்டினாள். பருக்கை பருக்கையாக, மசாலா ஏறி, முழுசாக.

"ஒடயலண்ணா," என்றாள்.

சின்னராசு குனிந்து பார்த்தார்.

"ஒடயல," என்றார். "அடுத்த நடவுக்கு நாத்து மொதல்ல உனுக்குப் பறிச்சிட்டுத்தான் எனுக்கு."